மேல்வீட்டுக்காரியின் முழங்கால்

உயரமான கட்டடங்கள் எழும்பும் இடங்களில் கோபுரக் கிரேன் ஓட்டுவது அவள் வேலை. காலையில் இரும்பு ஏணியில் ஏறி, உச்சியில் இருக்கும் கண்ணாடி அறைக்குள் உட்கார்ந்தால் வேலை முடிந்துதான் இறங்குவாள். சாப்பாடு, தண்ணீர், குளிருக்கு ஒரு சட்டை எல்லாம் ஒரே பையில் அவளோடு மேலே போகும். வேலைத்தளத்தில் யாரும் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. மேல்வீட்டுக்காரி என்பார்கள். "மேல்வீட்டுக்காரி வீட்டுல இன்னிக்குச் சண்டை போல, கொக்கி ரொம்ப ஆடுது" என்று கம்பி கட்டுகிறவர்கள் சொல்லிச் சிரிப்பார்கள். உண்மையில் கொக்கி ஆடினால் அது காற்றின் வேலை. ஒரு கட்டுக் கம்பியை, தூங்கும் பிள்ளையைப் பாயில் கிடத்துவது போல, சத்தம் வராமல் இறக்கக்கூடியவள் அவள்.

மேலிருந்து எல்லாமும் தெரியாது. சுவர்களுக்குப் பின்னால் இருக்கும் இடங்களுக்கு அவளுடைய கண் கைகாட்டிதான். கையில் வாக்கிடாக்கியோடு கீழே நின்று, "இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம், நிறுத்து" என்று சுமைக்கு வழி சொல்கிற மனிதர். அவளைவிட மூத்தவர், பேச்சில் சிக்கனம் பார்ப்பவர். நாளெல்லாம் காதுக்குள் அவர் குரல்தான். "எங்க அண்ணன் பேச்சைவிட அவர் பேச்சைத்தான் அண்ணி அதிகமா கேக்குறாங்க. அதான் குடும்பம் நல்லா ஓடுது" என்பாள் நாத்தனார்.

ஒரு மழை நாளில் வேலை முடிந்து இறங்கியவள், கடைசிப் படிகள் இரண்டு மூன்றை மிச்சப்படுத்தி எட்டிக் குதித்தாள். தினமும் செய்வதுதான். அன்று கால் சேற்றில் புதைந்து நின்றுவிட்டது, உடம்பு மட்டும் திரும்பியது. இடது முழங்காலுக்குள் சடக் என்று ஒரு சத்தம். வீங்கியது. சுளுக்கு என்று சொல்லிக் கட்டுப் போட்டாள், வலி மாத்திரை விழுங்கினாள், வீக்கம் வடிந்ததும் பழையபடி ஏறினாள்.

ஆனால் உள்ளே ஏதோ சரியில்லை என்பது அவளுக்குத் தெரியும். உட்கார்ந்து எழும்போது முட்டி திடீரென்று பிடித்துக்கொள்ளும். காலை உதறினால் விட்டுவிடும். சில நாள் முட்டியின் ஓரத்தில் விரல் வைத்தால் பட்டாணி போல ஒன்று நழுவி ஓடும். யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் ஏணியிலிருந்து இறக்கிவிடுவார்கள். "கால் கொஞ்சம் மக்கர் பண்ணுது" என்று கணவரிடம் ஒரு தடவை சொன்னாள். மூக்குக் கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கிறவர் அவர். "டாக்டர்கிட்ட காட்டு" என்றார். "காட்டலாம்" என்றாள். அந்தப் பேச்சு அதோடு நின்றுவிட்டது.

மறு வருஷம் ஒரு காலை, பாதி ஏணி ஏறியிருந்தபோது அது நடந்தது. இடது காலை அடுத்த படியில் வைத்து உடம்பைத் தூக்கினாள். முட்டி மடங்கிய நிலையிலேயே பூட்டிக்கொண்டது. நீட்டவும் வரவில்லை, மேலும் மடக்கவும் வரவில்லை. உதறிப் பார்க்க அங்கே இடமில்லை. இடுப்பு வாரின் கொக்கியைக் கம்பியில் மாட்டிக்கொண்டு நின்றாள். உள்ளங்கை வியர்த்து இரும்பில் வழுக்கியது.

காதில் கைகாட்டியின் குரல் வந்தது. "மேல்வீடு, ஏன் நின்னுட்ட?"

"கால் மாட்டிக்கிச்சு அண்ணே."

"ஏணியிலயா?"

"இல்ல. காலுக்குள்ள."

"ரெண்டு கொக்கியும் மாட்டு. நான் வர்றேன். கீழ பாக்காதன்னு உனக்குச் சொல்ல முடியாது, உன் பொழப்பே கீழ பாக்குறதுதான்" என்றார். அவர் ஏணி ஏறுகிறவர் அல்லர். மேலே போகச் சொன்னால் தலை சுற்றுகிறது என்று எப்போதும் தட்டிக் கழிப்பவர். அன்று ஏறி வந்து, அவள் இடுப்புக்குக் கீழே தோளைக் கொடுத்து, வலது காலை ஒவ்வொரு படியாக எடுத்து வைத்து, இளைப்பாறும் மேடை வரை இறக்கினார். அங்கே படுக்க வைத்து முட்டியை மெல்ல அசைத்ததும் உள்ளே ஏதோ நழுவி, கால் நீண்டது. அவள் அழவில்லை. அவர்தான் மேடைக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, கீழே பார்க்காமல் உட்கார்ந்துவிட்டார்.

மருத்துவமனையில் ஸ்கேன் எடுத்தார்கள். எலும்பு மூட்டு அறுவை செய்யும் டாக்டரம்மா திரையைத் திருப்பிக் காட்டினார். தொடை எலும்பின் கீழ்முனையில், வழவழவென்று இருக்க வேண்டிய வளைவில், ஒரு கறுப்புப் பள்ளம்.

"எலும்போட முனைக்கு மேல குருத்தெலும்புன்னு ஒரு பூச்சு இருக்கும். அது இருக்கறதாலதான் மூட்டு வழுக்கிட்டுப் போகுது. உங்களுக்கு அது மட்டும் போகல. அடியில இருக்கற எலும்பையும் சேத்து ஒரு துண்டு பேந்துடுச்சு. ரோட்டுல தார் மட்டும் போகாம ஜல்லியோட குழி விழற மாதிரி. பேந்த துண்டு மூட்டுக்குள்ள சுத்திக்கிட்டிருக்கு. அதுதான் வந்து வந்து பூட்டுது."

"தானா வளந்துடாதா?" என்று கேட்டார் கணவர்.

"எலும்பு வளரும். குருத்தெலும்பு அப்படி வளராதுங்க. அதுக்கு ரத்த ஓட்டம் கிடையாது."

முதலில் சிறு துளைகள் போட்டு, உள்ளே கேமரா விட்டு, அந்தத் துண்டை வெளியே எடுத்தார்கள். திரும்ப ஒட்ட முடியுமா என்று பார்த்தார்கள். ஒரு வருஷமாக உருண்டு உருண்டு ஓரமெல்லாம் மழுங்கிப் போயிருந்தது. குப்பியில் போட்டுக் காட்டியபோது அது வெறும் தேங்காய்ச் சில்லு போல இருந்தது. இவ்வளவுதானா என்று அவளுக்குத் தோன்றியது. இவ்வளவுதான் என்னைப் பாதி வழியில் நிறுத்தியதா.

ஆனால் குழி, படத்தில் தெரிந்ததைவிடப் பெரியது. சின்னக் குழி என்றால் அவளுடைய மூட்டிலேயே சுமை விழாத ஓரத்திலிருந்து எலும்பைக் குச்சி குச்சியாக எடுத்து அடைக்கலாம். இதற்கு அது போதாது. குருத்தெலும்பும் எலும்பும் சேர்ந்த ஒரு முழுத் துண்டு வேண்டும், அதுவும் அவள் எலும்பின் அளவுக்கும் வளைவுக்கும் ஒத்துவரும் துண்டு.

"அது எங்க கிடைக்கும்?"

"இறந்து போனவங்க குடும்பம் சம்மதிச்சுக் குடுத்தா கிடைக்கும். ஒத்த அளவுல வர்ற வரைக்கும் காத்திருக்கணும். வந்துட்டா சீக்கிரமா வெச்சிடணும். உள்ள இருக்கற உயிரணுக்கள் ரொம்ப நாள் தாங்காது."

"உடம்பு அதை ஏத்துக்குமா?"

"கிட்னி மாதிரி இதுக்குப் பயப்பட வேண்டாம். அதுக்குன்னு தனி மருந்துகூடத் தேவையில்ல. எலும்பு எலும்போட சேர்ந்து பிடிக்கணும், அதுதான் முக்கியம். துண்டு கிடைக்கற வரைக்கும் இந்தக் கால்ல பாரம் போடாதீங்க. எதிர்ல இருக்கற எலும்பும் உரசித் தேஞ்சிடும்."

அந்தக் கடைசிச் சொல் கணவரைப் பிடித்துக்கொண்டது. லென்ஸுக்கும் தேய்க்கும் தட்டுக்கும் நடுவில் மணல் துகள் ஒன்று விழுந்தால் என்ன ஆகும் என்பதை ஆயுள் முழுக்கப் பார்த்தவர் அவர். அவள் ஊன்றுகோலைச் சரியாக வைக்காமல் ஓர் அடி எடுத்து வைத்தால் அவருக்குப் பல் கூசும். வாயைத் திறந்து சொல்ல மாட்டார். காபிக் கோப்பையைக் கொண்டுவந்து அவள் கைக்குப் பக்கத்தில் வைப்பார், செருப்பை நகர்த்தி வைப்பார், கதவுப் படியில் மரச் சரிவு ஒன்று அடித்து வைத்தார். அவள் குளியலறைக்குப் போகும்போதெல்லாம் கதவுக்கு வெளியே எதையாவது துடைத்துக்கொண்டு நிற்பார்.

காத்திருப்பதுதான் பெரும்பாடாக இருந்தது. மருத்துவமனையின் எண்ணுக்குத் தனி மணியோசை வைத்திருந்தார்கள். சில நாட்களில் பக்கத்து வீட்டுத் தொலைக்காட்சியிலும் அதே ஓசை கேட்பது போல இருந்தது. கைப்பேசி ஒரு பக்கம், மின்னேற்றும் கம்பி ஒரு பக்கம் என்று அவள் கட்டிலிலேயே கிடந்தாள். சன்னலுக்குக் கீழே ஆம்புலன்ஸ் ஊளையிட்டுக்கொண்டு போனால் அவள் முகம் மாறிவிடும்.

அண்ணிக்கு ஒத்தாசையாக வந்து தங்கியிருந்த நாத்தனார் அதைக் கவனித்தாள். துணி மடித்துக்கொண்டே, "என்ன அண்ணி, வண்டி போனா உங்களுக்கு என்னமோ ஆகுது" என்றாள்.

"அதுல போறவங்க பொழைக்கணும்னு நினைக்கிறேன். அப்புறம், பொழைச்சுட்டா எனக்குக் கிடைக்காதேன்னு ஒரு நினைப்பு ஓடுது. நான் என்ன மனுஷி?"

நாத்தனார் மடிப்பதை நிறுத்தினாள். "நீங்க நினைக்கிறதால யாரும் சாகப் போறதில்ல, நினைக்காததால யாரும் பொழைக்கப் போறதும் இல்ல. அவ்வளவு சக்தி இருந்தா முதல்ல என் மேனேஜரை ஒரு வழி பண்ணுங்க." அண்ணி சிரித்துவிட்டாள். ஆனாலும் அடுத்த வண்டி வந்தபோது சன்னலைச் சாத்தச் சொன்னாள்.

வெயில் காலம் முடியும் தறுவாயில் அழைப்பு வந்தது. அளவு ஒத்துப்போகிறது, இரண்டு நாளில் சேர வேண்டும் என்றார்கள். சேர்ந்தாள். காலின் முடியை மழித்து, தவறிப்போய் மறு காலைத் தொட்டுவிடக் கூடாது என்பதற்காக இடது தொடையில் அழியாத மையில் அம்பு போட்டார்கள். பச்சை அங்கியை மாட்டிக்கொண்டு பட்டினியோடு படுத்திருந்தாள். டாக்டரம்மா உள்ளே வந்தார். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அறுவைக்குப் போகிறவர் இப்படி உட்கார மாட்டார் என்று அவளுக்கு அப்போதே புரிந்துவிட்டது.

"இன்னிக்கு இல்லம்மா. அந்தத் திசுவோட கடைசிப் பரிசோதனையில கிருமி வளர்ந்திருக்கு. நான் வைக்க மாட்டேன்."

கணவருக்குக் கோபம் வந்து அவள் பார்த்ததே குறைவு. அன்று வந்தது. "இத முன்னாடியே சொல்லியிருக்கக் கூடாதா? அவ எவ்வளவு பயந்து போய்ப் படுத்திருக்கா தெரியுமா?"

"முடிவு இப்பதான் வந்துச்சு சார். நாளைக்கு வந்திருந்தா, உள்ள வெச்ச பிறகுதான் நமக்குத் தெரிஞ்சிருக்கும்."

வீட்டுக்கு வந்து சோப்புப் போட்டுத் தேய்த்தாள். அம்பு போகவில்லை. வெளிறிப்போய், யாருக்கோ வழி காட்டுவது போல, பல நாள் தொடையிலேயே இருந்தது.

இரண்டாவது அழைப்பு வந்தபோது அவள் குளித்துக்கொண்டிருந்தாள். நாத்தனார்தான் எடுத்துப் பேசினாள். கதவுக்கு வெளியே நின்று, "அண்ணி, வந்துடுச்சு. அவசரப்பட்டு வழுக்கி விழுந்துடாதீங்க, வலது காலுக்கும் ஆள் தேட முடியாது" என்றாள். கணவருக்குச் சொல்லும்போது மேல்வீட்டுக்காரி குரலை அடக்கிக்கொண்டாள். "இதுவும் போகலாம்ங்க. நம்பிடாதீங்க." அவர், "நான் எதுவும் நம்பல" என்றார். ஆனால் கடையில் தேய்த்துக்கொண்டிருந்த லென்ஸைத் தட்டிலேயே விட்டுவிட்டு வந்திருந்தார்.

இடுப்புக்குக் கீழே மரத்துப்போக ஊசி போட்டார்கள். மார்புக்கு நேரே துணித்திரை. தூங்க மருந்து தருகிறோம் என்றபோது வேண்டாம் என்றுவிட்டாள். என்ன நடக்கிறது என்று தெரியாமல் கிடப்பது அவளுக்குப் பழக்கமில்லை. திரைக்கு அந்தப் பக்கம் துளைபோடும் கருவியின் சத்தம் கேட்டது. எலும்பைக் குடைந்து வட்டமாகப் பள்ளம் எடுக்கிறார்கள். அவளுக்கு நன்றாகப் பழக்கமான சத்தம்தான். கான்கிரீட்டில் கேட்டதைத் தன் உடம்புக்குள்ளிருந்து கேட்டபோது வாய் உலர்ந்தது. பிறகு தட்டும் ஓசை, மென்மையாக, இடைவெளி விட்டு. சட்டென்று அதுவும் நின்றது.

நீண்ட நேரம் ஒன்றுமே இல்லை.

"ஏன் நிறுத்திட்டாங்க?" என்று தலைமாட்டில் இருந்த மயக்க மருந்து டாக்டரைக் கேட்டாள்.

"அளந்து பாக்கறாங்க."

திரைக்கு அப்பால் டாக்டரம்மாவின் குரல்: "ஒரு நூல் உசரமா நிக்குது. வெளிய எடுங்க, அடியில கொஞ்சம் செதுக்கணும்."

எடுத்தார்கள். அவள் கண்ணை மூடிக்கொண்டாள். யாரோ ஒருவருடைய எலும்பு, இப்போது அவளுக்குள்ளும் இல்லை, அவருக்குள்ளும் இல்லை, நடுவில் ஒரு கையில் இருக்கிறது. அது கீழே விழுந்துவிடுமோ என்ற பயத்தில் அவள் விரல்கள், அங்கே இல்லாத கிரேன் நெம்புகோலைப் பிடித்து இறுக்கின. மீண்டும் தட்டும் ஓசை கேட்டது. "இப்ப சரி. மட்டமா உட்கார்ந்துடுச்சு" என்றார் டாக்டரம்மா. அவள் விரல்கள் நெம்புகோலை விட்டன.

வீட்டுக்கு வந்த பிறகு, காலைத் தானாக மடக்கி நீட்டும் ஒரு யந்திரத்தைக் கட்டில்மேல் வைத்தார்கள். அது நாளெல்லாம் முனகிக்கொண்டே இருந்தது. பாதத்தைத் தரையில் வைக்கக் கூடாது. ஒட்டிக்கொண்டிருக்கிறதா, நழுவிவிட்டதா என்று வெளியிலிருந்து யாருக்கும் தெரியாது. தும்மினால்கூட அது அசைந்துவிடும் என்று அவள் பயந்தாள்.

ஒரு சாயங்காலம் முட்டி சிவந்து சூடேறியது. உடம்பும் காய்ந்தது. முதல் துண்டில் கிருமி வளர்ந்த கதை எல்லோருக்கும் நினைவு இருந்தது. மருத்துவமனைக்குப் போகும் வழி முழுவதும் நாத்தனார் ஒரு கேலியும் பேசாமல் வந்தாள். அதுதான் அவளை அதிகமாகப் பயமுறுத்தியது. ஊசியால் நீரை உறிஞ்சி எடுத்தார்கள். கலங்கிய ரத்தம் வந்தது, சீழ் இல்லை. பரிசோதனை முடிவு வருவதற்குள் கணவர் ஒரு வேளைகூட ஒழுங்காகச் சாப்பிடவில்லை. கிருமி இல்லை என்று வந்தது. காய்ச்சல் வெறும் சளிக் காய்ச்சல். வீட்டில் முதலில் தும்மியது நாத்தனார்தான். ஒரு வாரம் அவள் அண்ணி முகத்தைப் பார்க்கவில்லை.

பாரம் போட அனுமதி கிடைத்ததும் உடற்பயிற்சி சொல்லித் தருகிற பெண் வந்தாள். "தொடையை இறுக்குங்க, பத்து எண்ணுங்க" என்று அவள் சொன்னபோது இடது தொடை வலது தொடையின் பாதியாகச் சூம்பியிருந்தது. அதைப் பார்த்து அன்றுதான் மேல்வீட்டுக்காரி அழுதாள்.

மழைக்காலம் போய், மறுபடி வெயில் வந்தபோது எடுத்த ஸ்கேனில் பழைய பள்ளத்தைத் தேட வேண்டியிருந்தது. இரண்டு எலும்பும் பிடித்துவிட்டன. டாக்டரம்மாவுக்கே மகிழ்ச்சி. "நடக்கலாம், சைக்கிள் ஓட்டலாம், படி ஏறலாம். ஆனா குதிக்கக் கூடாது. தினமும் அந்தக் கோபுர ஏணி வேண்டாம். யோசிச்சுத்தான் சொல்றேன்."

பக்கத்தில் உட்கார்ந்திருந்த கணவர் மெல்லப் பெருமூச்சு விட்டார். அது அவள் காதில் விழுந்துவிட்டது. வீட்டுக்கு வந்ததும் கேட்டாள்.

"உங்களுக்கு இதுல சந்தோஷம்தானே?"

"ஆமா."

"கொஞ்சமாவது மறைச்சுச் சொல்லியிருக்கலாம்."

"எதுக்கு மறைக்கணும்? நீ மேல போக ஆரம்பிச்ச நாள்லேருந்து, கடை வாசல்ல நின்னு காத்து எந்தப் பக்கம் அடிக்குதுன்னு பாத்துட்டுத்தான் உள்ள போறேன். உங்கிட்ட சொன்னா நீ சிரிப்ப."

அவள் சிரிக்கவில்லை. அன்று முழுவதும் அவரோடு பேசவும் இல்லை. இத்தனை வருஷம் ஒரு மனிதன் தன் முதுகுக்குப் பின்னால் பயந்துகொண்டே இருந்திருக்கிறான் என்பது அவளுக்குப் புதுச் செய்தி. கோபப்படுவதா, இரக்கப்படுவதா என்று தெரியவில்லை.

வேறு வேலையைக் கைகாட்டிதான் விசாரித்துச் சொன்னார். சரக்குப் பெட்டகங்களை அடுக்கும் கிடங்கில் ஒரு பெரிய கிரேன். ஓட்டுகிறவர் அறைக்கு லிஃப்ட் உண்டு. "ஆனா அங்க உனக்குக் கைகாட்ட வேற ஆள் இருக்கான். சின்னப் பையனாட்டம் வேகமா பேசுவான், பொறுத்துக்கோ" என்றார். போகிறேன் என்றாள். கைப்பேசியை வைக்கும் முன் அவர், "காது காலியா இருக்கு மேல்வீடு" என்றார். அவளுக்கு என்ன சொல்வதென்று தெரியாமல், "எனக்கும்தாண்ணே" என்றாள்.

சேர்ந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருக்கும். ஒரு மத்தியானம் அபாயச் சங்கு ஊதியது. கீழே மின்சார அறையிலிருந்து புகை. விளக்கு அணைந்தது, லிஃப்ட் நின்றது. எல்லோரும் இறங்கி வெளியேற வேண்டும் என்று ஒலிபெருக்கியில் சொன்னார்கள். இறங்குவதற்கு இருந்தது பின்பக்கத்து இரும்புப் படிக்கட்டு மட்டும். செங்குத்தானது, ஒவ்வொரு படியும் ஆழம். ஏறுவதைவிட இறங்குவதில்தான் முட்டிக்குப் பாரம் அதிகம் என்று பயிற்சிப் பெண் பலமுறை சொல்லியிருந்தாள்.

கைப்பிடியை இரண்டு கையாலும் பற்றிக்கொண்டாள். முதலில் இடது கால், பிறகு வலது கால், ஒரே படியில் இரண்டும். மூக்கில் புகை நாற்றம் ஏறியது. பாதிக்கு மேல் வந்ததும் அவ்வளவு மெதுவாக இறங்கினால் ஆகாது என்று தெரிந்தது. படிக்கு ஒரு காலாக மாற்றினாள். இடது கால் ஒவ்வொரு முறை முழுப் பாரத்தையும் வாங்கும்போதும் அவள் உள்ளே ஒரு சடக் சத்தத்துக்காகக் காது கொடுத்தாள். கடைசிப் படிகளில் கால் வெடவெடவென்று நடுங்கியது. ஆனால் தாங்கியது. கீழே நின்றவர்கள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டார்கள். தீ பெரிதாகவில்லை, யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

வீட்டுக்குப் போனபோது முட்டி வீங்கியிருந்தது. கணவர் ஐஸ் கட்டியைத் துணியில் சுற்றி வைத்துக்கொண்டே, என்ன நடந்தது என்று ஒவ்வொரு படியாகக் கேட்டார். மறுநாள் காலையில் இருவரும் மருத்துவமனையில் இருந்தார்கள். டாக்டரம்மா அமுக்கிப் பார்த்தார், மடக்கிப் பார்த்தார், படம் எடுக்கச் சொன்னார். படத்தை வெளிச்சத்தில் வைத்து அவர் பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில் கணவர் அவள் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்திருந்தார். அவளுக்கு வலித்தது. விடச் சொல்லவில்லை.

"துண்டு வெச்ச எடத்துலயே இருக்கு. தசைதான் திடீர்னு வேலை செஞ்சு வீங்கியிருக்கு. நாலு நாள் ஓய்வு எடுத்துக்குங்க. அப்புறம் அடுத்த வருஷம் வந்தா போதும்."

வெளியே வந்தார்கள். கணவரின் முகத்தில் ரத்தம் திரும்பியிருந்தது. உற்சாகத்தில் அவர் படிக்கட்டைக் காட்டி, "ரெண்டு மாடிதானே, மெதுவா நடந்தே இறங்கிடலாமா? டாக்டரே ஒண்ணும் ஆகலன்னு சொல்லிட்டாங்க" என்றார்.

அவள் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "கால் விண்ணுவிண்ணுன்னு வலிக்குதுங்க. பேசாம லிஃப்ட் பொத்தானை அமுக்குங்க."

அவர் அமுக்கினார். லிஃப்ட் வரும் வரை இருவரும் ஒருவர் தோளில் ஒருவர் சாய்ந்து நின்றார்கள்.